படிகபுரத்துக்கு வராதவன்

ஓர் ஊருக்குள் அந்நியன் ஒருவன் புகுந்துவிட்டான் என்றால், யாரோ ஒருவர் வெளியிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று மக்கள் பரவலாக நம்புகிறார்கள். படித்தவர்களும் நம்புகிறார்கள் என்பதுதான் வேதனை. இந்த நம்பிக்கை பிழையானது. யாருமே வராமல் ஓர் அந்நியன் வந்து சேர முடியும். அவனுக்கு எடை இருக்கும், மின்னூட்டம் இருக்கும், எந்தத் திசையில் நடந்தான் என்பதற்குச் சாட்சிகள்கூட இருப்பார்கள். திண்மப் பொருள்களின் இயற்பியலில் இது என்றோ முடிவான விஷயம். மற்றத் துறைகளுக்குச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

படிகபுரத்தில் நடந்ததை இதற்குச் சான்றாகச் சொல்லலாம்.

படிகபுரம், கடுகில் பாதி அளவுள்ள ஒரு படிகத்துக்குள் இருந்தது. அந்தப் படிகம் ஓர் ஆய்வுக்கூடத்து மேசையில், கறுப்புத் துணி போர்த்திய பெட்டிக்குள் இருந்தது. பெட்டியின் வெளிப்பக்கத்தில் ஓர் எண்காட்டி. படிகத்திலிருந்து ஒரு பொட்டு ஒளி வெளியே வந்தால் அதில் ஓர் எண் கூடும். கதை தொடங்கும்போது அதில் 4112 என்று இருந்தது. ஊரில் குடியிருந்த எலக்ட்ரான்களுக்கு மேசையும் தெரியாது, எண்காட்டியும் தெரியாது. தங்கள் ஊர்தான் உலகம் என்று அவர்கள் நினைத்தார்கள். இதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஊரின் அமைப்பு எளிது. கீழே தெருத் தெருவாக வீடுகள். ஒரு வீட்டுக்கு இரண்டு பேர். ஒருவர் தலை மேலே இருந்தால் மற்றவர் தலைகீழாகத்தான் இருக்க வேண்டும். மூன்றாமவருக்கு இடமில்லை, ஒரே பக்கம் தலை வைத்த இருவருக்கும் இடமில்லை. உலகம் தோன்றிய நாளிலிருந்து இந்த விதியை ஒருவர்கூட மீறியதில்லை. வீடுகளுக்கு வெகு உயரத்தில் மேல்தளம். அங்கே சுவரோ கூரையோ கிடையாது, வெறும் வெளி. இரண்டுக்கும் நடுவே படிக்கட்டு இல்லை. நடுவில் நிற்கவும் முடியாது. ஒன்று கீழே, இல்லையேல் மேலே.

எலக்ட்ரான்களுக்குப் பெயர் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய எந்த அடையாளமும் இல்லை, ஒரு மச்சம்கூட. ஆனாலும் ஒவ்வொன்றும் தன்னைத் தனி ஆள் என்றே நினைத்துக்கொண்டிருந்தது. அந்த நினைப்பை மதித்துப் பெயர் வைப்போம். படிகவாசிகள் என்பதால் ரத்தினப் பெயர்கள் பொருந்தும்.

பதினேழாம் எண் வீட்டில் மரகதம் தலை மேலாக இருந்தாள். அவளோடு தலைகீழாக இருந்தவர் ரத்தினசபாபதி. இருவருக்கும் பேச்சு குறைவு. ஒருவர் முகத்துக்கு நேரே மற்றவர் பாதம் இருக்கும்போது பேச்சு வளராது. மரகதத்துக்கு அது குறையாகத் தெரியவில்லை. அந்த வீட்டு மூலையில் அணுவின் துடிப்பு அவள் குதிகாலில் மெல்லத் தட்டிக்கொண்டே இருக்கும். அந்தத் தட்டல் அவளுக்கு மட்டும் உரியது என்று நம்பி, அதிலேயே நிறைவாக இருந்தாள்.

ஒரு நாள் காலை, எங்கிருந்தோ வந்த ஓர் ஒளித்துகள் அவள்மேல் மோதியது. அனுமதி கேட்டு மோதவில்லை. தன்னிடம் இருந்த ஆற்றல் முழுவதையும் அவள் மடியில் கொட்டிவிட்டு அது மறைந்தது. மரகதம் ஒரே எழும்பலில் மேல்தளத்தில் போய் விழுந்தாள்.

முதலில் நன்றாகத்தான் இருந்தது. கைகால் நீட்டலாம், சுற்றிச் சுற்றி ஓடலாம். கொஞ்ச நேரத்தில் குதிகாலில் ஒன்றும் தட்டவில்லை என்பது உறைத்தது. இறங்கிவிடலாம் என்று கீழே எட்டிப் பார்த்தாள். பதினேழாம் வீட்டில், அவள் இடத்தில், யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து அதிர்வு வந்து சேர்ந்தது. படிகபுரத்தில் செய்தி கொண்டுபோவது அதிர்வின் வேலை. ஓர் அணு நடுங்கினால் பக்கத்து அணு நடுங்கும், அது அடுத்ததை நடுங்க வைக்கும். இப்படியே ஊர்க்கோடிவரை போய்விடும். தான் சுமப்பது உண்மைதானா என்று அதிர்வு ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. நின்றால் அது அதிர்வே அல்ல.

"சேதி தெரியுமா மரகதம்? ஊருக்குள்ள ஒருத்தன் வந்திருக்கான்."

"யாரு?"

"யாருன்னு தெரிஞ்சா அவன் எப்படி அந்நியன் ஆவான்? ஆனா தெருவே பாத்திருக்கு. நாமெல்லாம் மேற்கே சரிஞ்சா அவன் கிழக்கே போறானாம். இதுலேயே ஆள் எப்படின்னு தெரியல?"

அன்று ஊர் முழுதும் மேற்காகச் சரிந்திருந்தது. ஆய்வுக்கூடத்தில் யாரோ ஒரு பொத்தானை அழுத்தியதால் வந்த சரிவு அது. ஊராருக்கு அது வானிலை.

"முதல்ல எங்க பாத்தாங்களாம்?" என்று மரகதம் கேட்டாள்.

"உன் வீட்லதான். பதினேழுல."

மரகதம் மறுபடி கீழே பார்த்தாள். வீட்டில் உட்கார்ந்திருப்பது யார் என்று அவளுக்கு இப்போது விளங்கிவிட்டதாகத் தோன்றியது.

கீழே தெருக்கூட்டம் கூடியது. முப்பத்தொன்றாம் வீட்டு முத்துமாணிக்கம் முதல் சாட்சி.

"வாசல்ல நிக்கிறேன். பக்கத்து முப்பதாம் வீட்ல அவன் நிக்கிறான். நான் பயப்படுற ஆள் இல்லைன்னு உங்களுக்கே தெரியும். ஒரே பாய்ச்சல், முப்பதுக்குள்ள போயிட்டேன். பாத்தா ஆளைக் காணோம். திரும்பிப் பாக்குறேன், என் வீட்ல நிக்கிறான்."

"உங்க வீட்லயா?"

"என் வீட்லதான். நான் எழுந்த சூடு ஆறல, அதுக்குள்ள."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, போய் விரட்டிட்டு வீட்ல உக்காந்துட்டேன்."

முப்பத்திரண்டாம் வீட்டுக் கோமேதகம் தலையாட்டினாள். "அண்ணன் சொல்றது சரிதான். முப்பத்தொண்ணுல நின்னவனை நானும் பாத்தேன். சரி, மடக்கிடலாம்னு நானும் ஒரு அடி..." என்று தொடங்கியவள் நிறுத்தினாள். "ஒரு அடி எடுத்து வைக்கலாமான்னு நினைச்சேன். வைக்கல. வீட்லதான் இருந்தேன்."

இப்படி ஆளாளுக்குச் சொன்னார்கள். யாரைக் கேட்டாலும் அவன் பக்கத்து வீட்டில் நின்றான், பிறகு தங்கள் வீட்டைக் கடந்து போனான். தாங்கள் அசையவில்லை.

விசாரிக்கச் சமன்பாட்டார் வரவழைக்கப்பட்டார். ஒல்லியான மனிதர். நெற்றி நடுவில் இரண்டு இணைகோடுகள். அவற்றுக்கு இடப்பக்கம் எது நடந்தாலும் அதற்கு ஈடானது வலப்பக்கமும் நடந்தாக வேண்டும் என்பது அவர் கொள்கை. எல்லோருடைய வாக்குமூலத்தையும் கேட்டு, கண்ணை மூடித் திறந்து, அறிக்கை வாசித்தார்.

"மேற்படி நபரின் மின்னூட்டம், நம்முடையதற்கு நேர் எதிரானது."

"பாத்தப்பவே நினைச்சேன்," என்றாள் கோமேதகம்.

"எடை, நம்மில் ஒருவரின் எடையில் பாதி. நடை, நமக்கு எதிர்த்திசை. பெயர், துளை என்று வைத்துக்கொள்ளலாம்."

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. "இப்பதான் நிம்மதி. பேர் கிடைச்சிடுச்சு," என்றார் ஒருவர்.

சமன்பாட்டார் அண்ணாந்து பார்த்தார். "மேல்தளத்தில் இருப்பவரே, உமக்கு அங்கிருந்து ஊர் முழுதும் தெரியும். கீழே இருப்பவர்கள் பிடிக்கப் போனால் துளை அவர்கள் வீட்டுக்கே வந்துவிடுகிறான். நீர் பிடித்துக்கொடுத்தால் கீழே உமக்கு இடம் உண்டு."

"எனக்குப் பதினேழுதான் வேணும்," என்றாள் மரகதம்.

"முதலில் பிடியும்."

அந்தச் சமயத்தில் ஆய்வுக்கூடத்துப் பொத்தானை யாரோ விடுவித்தார்கள். சரிவு நின்றது. அந்நியனும் நின்றுவிட்டான், நாற்பத்து மூன்றாம் வீட்டில். மரகதம் அதற்கு நேர் மேலே போய்க் கூப்பிட்டாள். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். குற்றமில்லாதவன் எதற்கு வாய் திறக்காமல் இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

அப்போதுதான் வேறொன்றும் தோன்றியது. அவன் இங்கே நிற்கிறான் என்றால், பதினேழில் உட்கார்ந்திருப்பது யார்?

மேல்தளத்திலேயே நடந்து பதினேழுக்குத் திரும்பினாள். "சபாபதி அண்ணே."

"என்னம்மா, தலைமாட்டுல இருந்துக்கிட்டு இந்தக் கத்து கத்துற?"

"நான் அங்க இல்ல அண்ணே. மேல இருக்கேன். காலையிலேயே போயிட்டேன்."

ரத்தினசபாபதி யோசித்தார். "அப்ப இங்க இருக்கிறது?"

அங்கே இருந்தது பதினெட்டாம் வீட்டு வைரம்மாள். "கோவிச்சுக்காத மரகதம்," என்றாள் மெல்லிய குரலில். "இடம் காலியா இருந்துச்சு. ஊரே சரிஞ்சு கிடந்த நேரம். ஒரே ஒரு அடிதான் வச்சேன். வெளியில சொல்லிடாதே."

"ஆள் மாறினது உங்களுக்குத் தெரியலையா அண்ணே?"

"நான் பாதத்தைத்தானேம்மா பாக்குறேன். பாதத்துல என்ன வித்தியாசம்?"

மரகதம் பதினெட்டாம் வீட்டைப் பார்த்தாள். வைரம்மாள் இங்கே இருந்தால் அங்கே இருப்பது யார்? பத்தொன்பதாம் வீட்டுக்காரர். அவரும் ஒரே ஒரு அடிதான் வைத்திருந்தார், அவரும் வெளியில் சொல்ல வேண்டாம் என்றார். பத்தொன்பதில் இருபதாம் வீட்டுக்காரி. இருபதில் இருபத்தொன்று. முப்பதில் முத்துமாணிக்கம் சாவதானமாக உட்கார்ந்திருந்தார்.

"விரட்டிட்டு வீட்டுக்கு வந்துட்டதா சொன்னீங்களே?"

"வந்த மாதிரிதான். இங்கயும் அதே தூண், அதே கூரை. நீ ஏன் சின்ன விஷயத்தையெல்லாம் கிளறுற?"

நாற்பத்திரண்டு வரை விசாரித்தாள். இருபத்தாறு பேர். இருபத்தாறு பேரும் தங்கள் வீட்டில் இல்லை, இருபத்தாறு பேரும் ஓரடிக்கு மேல் வைக்கவில்லை, இருபத்தாறு பேரும் அந்நியனைக் கண்ணால் கண்டவர்கள். நாற்பத்து மூன்றாம் வீட்டில் மட்டும், தலை மேலாக இருக்க வேண்டிய இடத்தில், ஒருவரும் இல்லை.

மரகதம் நேரே சமன்பாட்டாரிடம் போனாள்.

"அப்படி ஒருத்தன் வரவே இல்ல. நான் போனேன். அந்த இடத்துக்கு ஒவ்வொருத்தரா நகர்ந்தாங்க. அவ்வளவுதான் நடந்தது. உங்களுக்கு இது தெரியாதா?"

"தெரியும்," என்றார் சமன்பாட்டார்.

"தெரிஞ்சுமா அறிக்கை வாசிச்சீங்க?"

"அம்மா, இருபத்தாறு பேர் ஆளுக்கு ஓரடி மேற்கே நகர்ந்தார்கள் என்று எழுத எனக்கு இருபத்தாறு வரி வேண்டும். ஒருவன் கிழக்கே நடந்தான் என்று எழுத ஒரு வரி போதும். இரண்டும் ஒரே விடையைத் தருகின்றன. நான் ஒரு வரியில் வாழ்பவன்."

"இதுல எது நிஜம்?"

"இரண்டும் சமம் என்று சொல்வது என் வேலை. எது நிஜம் என்பது வேறு இலாகா."

மரகதம் பொறுமையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "சரி. எல்லாரும் ஆளுக்கு ஓரடி திரும்பி அவங்கவங்க வீட்டுக்குப் போயிட்டா பதினேழு காலி ஆகும். நான் இறங்கிக்குவேன். ஊருக்கும் பயம் விட்டுப்போகும்."

"தடையில்லை. ஆனால் அதையும் நான் ஒரு வரியில்தான் எழுதுவேன். துளை என்பவன் நாற்பத்து மூன்றிலிருந்து பதினேழு வரை, எல்லோர் வீட்டையும் கடந்து, மறுபடி நடந்தான். ஊர் இதற்கு ஒப்புமா என்று கேட்டுப் பாரும்."

தெருக்கூட்டம் மறுபடி கூடியது. மரகதம் மேலிருந்தபடியே நடந்ததை நடந்தபடி சொன்னாள். யார் பெயரையும் சொல்லவில்லை. வரிசை எண்ணைத்தான் சொன்னாள். ஆனால் பெயர் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு உறுத்தியிருக்காது. ஒவ்வொருவரும் பக்கத்து வீட்டுக்காரரை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்தது பக்கத்து வீட்டுக்காரர்தானா என்று இப்போது நிச்சயமில்லை.

கோமேதகம்தான் முதலில் வாயைத் திறந்தாள். "நான் நகரவே இல்லையே."

"நானும் இல்ல."

"எங்க வீட்ல யாரும் அப்படிப்பட்டவங்க கிடையாது."

முத்துமாணிக்கம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "மேல இருக்கிற அம்மாவை ஒண்ணு கேக்கலாமா? அவன் வந்த அன்னிக்குத்தான் நீ மேல போனே?"

"ஆமா."

"அவன் முதல்ல நின்னது உன் வீட்லதான்?"

"ஆமா, ஏன்னா..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. இந்த ஊர்ல அவன் எந்த வீட்ல எப்ப நின்னான்னு ஒண்ணு விடாம சொல்றது நீ ஒருத்திதான். அவனும் நீயும் சேர்ந்தாப்ல ஒரே இடத்துல நின்னு யாராவது பாத்திருக்கீங்களா?"

யாரும் பார்த்திருக்கவில்லை.

"பாத்துக்குங்க," என்றார் முத்துமாணிக்கம். மேற்கொண்டு சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. அதிர்வு அதற்குள் மூன்று தெரு தாண்டியிருந்தது.

மரகதத்துக்கு ஒரே ஒரு பிடி இருந்தது. "சபாபதி அண்ணே, நீங்க சொல்லுங்க. உங்க வீட்ல இப்ப இருக்கிறது யாரு?"

கூட்டம் ரத்தினசபாபதியைப் பார்த்தது. அவர் தன் முகத்துக்கு நேரே இருந்த பாதத்தைப் பார்த்தார். ஆள் மாறியதை ஒப்புக்கொண்டால், இத்தனை நேரம் அதைக் கவனிக்காமல் இருந்ததையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அடுத்த கேள்வி, அவர் வீட்டுக்குள் யார் வேண்டுமானாலும் வரலாம் போலிருக்கிறதே என்பதாக இருக்கும். பாதத்தை இன்னொரு முறை பார்த்தார். வித்தியாசம் ஒன்றும் இல்லைதான்.

"மரகதம்தான்," என்றார்.

"ஆமா," என்றாள் வைரம்மாள், சற்றுத் தாமதித்து. "நான்தான் மரகதம்."

"அப்ப மேல இருக்கிறது யாரு?" என்று யாரோ கேட்டார்கள். தெரு முழுதும் ஒரே நேரத்தில் அண்ணாந்து பார்த்தது.

சமன்பாட்டாரிடம் ஒரு சொல் கிடைக்கும் என்று மரகதம் எதிர்பார்த்தாள். "வேறுபாடு இல்லாதவர்களில் யார் யார் என்பது விடை தெரியாத கேள்வி அல்ல. கேள்வியே அல்ல," என்று அவர் அமைதியாகச் சொன்னார். "ஆனால் ஊரில் ஓர் இடம் காலியாக இருக்கும் வரை துளை என் வரியில் இருப்பான். மேலே ஒருவர் இருக்கும் வரை அவரைப் பற்றியும் ஒரு வரி எழுத வேண்டியிருக்கும். அந்த வரியில் என்ன வரும் என்பதை ஊர் தீர்மானிக்கும். நீர் நாற்பத்து மூன்றில் இறங்கினால் இரண்டு வரியும் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு போய்விடும்."

"அது என் வீடு இல்ல."

"இந்த வரிசையில் அப்படிச் சொல்லக்கூடியவர் இன்னும் இருபத்தாறு பேர் இருக்கிறார்கள். யாராவது சொன்னார்களா?"

மரகதம் பதினேழாம் வீட்டை ஒருமுறை பார்த்தாள். வைரம்மாளின் குதிகால் ஏதோ ஒன்றுக்கு இசைவாக மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. பிறகு நாற்பத்து மூன்றுக்கு மேலே நடந்தாள். கீழே வாசல்களிலெல்லாம் ஆட்கள் அவளையே பார்த்து நின்றார்கள். அவள் கடந்து போன பின் ஒவ்வொரு வாசலிலும் பேச்சு எழுந்தது. மேலே எழும்பியபோது மடியில் கொட்டப்பட்ட ஆற்றல் அத்தனையும் அப்படியே அவளிடம் இருந்தது. கீழ்வீடு எதிலும் அதை வைத்துக்கொள்ள இடம் கிடையாது. அதை உதறினால்தான் இறங்க முடியும்.

உதறினாள், இறங்கினாள்.

பளிச்சென்று ஓர் ஒளி தெருவைக் கடந்து எங்கோ வெளியே போனது.

"ஒழிஞ்சான்," என்றார் முத்துமாணிக்கம். "நான் பாத்துக்கிட்டே இருந்தேன். கடைசியில எரிஞ்சே போயிட்டான்." அவர் கையால்தான் முடிந்தது என்ற செய்தி சிறிது நேரத்தில் அவருக்கே திரும்பி வந்தது. அவர் மறுக்கவில்லை. சமன்பாட்டார் தம் அறிக்கையில் இரண்டு வரிகளை அடித்துவிட்டுக் கிளம்பினார். மேல்தளம் வெறிச்சென்று இருந்தது. மேலே ஒருத்தி நின்றதைப் பற்றி யாரும் பேசவில்லை. வாசல்களில் நின்றவர்கள் அவரவர் வீட்டுக்குள், அதாவது அப்போது இருந்த வீட்டுக்குள், போனார்கள்.

நாற்பத்து மூன்றில் மரகதம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மூலையில் அணுவின் துடிப்பு குதிகாலில் தட்டியது. பதினேழில் தட்டிய அதே தட்டல், இம்மியும் மாறாமல். அதுதான் அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

அந்த வீட்டில் தலைகீழாக இருந்தவர் நீலமேகம் என்பவர். வயதில் மூத்தவர் போலப் பேசுவார். எதிரே பாதம் வந்து அமர்ந்ததைப் பார்த்துக் கொட்டாவி விட்டார்.

"யாரு, மாணிக்கம்மாளா? கொஞ்ச நேரமா சத்தத்தையே காணோமே. எங்கம்மா போயிருந்தே?"

மாணிக்கம்மாள் நாற்பத்திரண்டாம் வீட்டில் இருந்தாள். சுவர் மெல்லியது. இந்தக் கேள்வி அவளுக்கும் கேட்டிருக்கும். அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

"எங்கயும் போகல," என்றாள் மரகதம். "இங்கதான் இருந்தேன்."

வெளியே, மேசைமேல், எண்காட்டியில் 4112 என்று இருந்தது 4113 ஆனது.